சொந்தத்தில் கட்டியவர்கள்

மகிழன் கையிலிருந்த வாழைப்பழத்தை மாரிசாமி பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"காரியம் முடியற வரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் கூடாது கண்ணு. பெத்தவன் செய்யக்கூடாது, தம்பி நீதான் செய்யணும். அண்ணனுக்காக ஒரு நாள் ஃபாஸ்டிங் இருக்க மாட்டியா?"

அமெரிக்காவில் இந்த சுகர் லேண்ட் நகரில் எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் முறை சொல்ல முதலில் வந்து நிற்பவர் அவர். ஊரில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

"ஐ'ம் ஃபைன் அங்கிள்" என்று மகிழன் சுவரில் சாய்ந்தான். முந்தின நாளிலிருந்தே வாந்தி. அழுத களைப்பு என்றார்கள்.

கூடத்தின் நடுவே பெட்டிக்குள் கோட் போட்டுப் படுத்திருந்தான் மூத்தவன் முகிலன். யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் வயிற்றுக்கு வைரஸ் வந்து, சாப்பிடாமல் தூங்கியவன் எழுந்திருக்கவில்லை. குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்து ரூம்மேட்கள் கதவைச் சாத்திவிட்டு வகுப்புக்குப் போயிருந்தார்கள்.

அக்கா வான்மதிக்குத் தம்பியின் கண்கள் சரியாகப் படவில்லை. பரம்பரையாக வரும் மெட்டபாலிக் நோய்களைப் பற்றி யாருக்குத் தெரியும் என்று போன செமஸ்டரில் பேராசிரியர் கேட்டபோது, அவ்வளவு பெரிய வகுப்பில் நாலைந்து கைகள்தான் எழுந்தன. அவள் கை எழவில்லை. சிலர் உடம்பு கொழுப்பை எரிக்காது, பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி உயிரே போகும், சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம் என்றார் அவர். பரீட்சைக்குப் படித்ததோடு சரி.

அவள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, நீயும் அப்பாவும் ரிலேட்டடான்னு ஹாஸ்பிட்டல்ல கேட்டாங்களே. என்ன சொன்னீங்க?"

நாகமணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இல்லைன்னு சொன்னோம்."

"அப்பா உன் சொந்த மாமா பையன்மா!"

"மெதுவாப் பேசுடி. ஊர்ல அது பெருமை. இங்க சொன்னா எப்படிப் பாக்கறாங்க தெரியுமா? மகிழனோட டேக்கேர்ல ஒரு தடவை நானே வாய விட்டுட்டுப் பட்டது போதும்."

"இங்க பொறந்த கொழந்தைங்களுக்கு உடனே குதிகால்ல ரத்தம் எடுத்து, பட்டினி கிடந்தா உயிர் போற வியாதி இருக்கான்னு டெஸ்ட் பண்ணிடுவாங்க. நாங்க மூணு பேரும் பொள்ளாச்சியில பொறந்தோம்மா. அண்ணனுக்கு அது இருந்திருந்தா..."

நாகமணியின் பார்வை மெல்ல மகிழனிடம் போனது.

"வா கண்ணு, அண்ணனைச் சுத்தி வரணும்" என்றார் மாரிசாமி. மகிழன் எழுந்தான். எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவனாக நின்றான். பிறகு கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வான்மதி ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடினாள். மறித்து நீண்ட மாரிசாமியின் கையை நாகமணி தட்டிவிட்டாள். மறுகையில் ஃபோன், 911.

"மை சன்... நோ, நோ ட்ரிங்க்கிங்! வீ ஆர் கஸின்ஸ். மை ஹஸ்பண்ட் அண்ட் மீ. கஸின்ஸ்!"

கூடம் முழுவதும் கேட்டது. அவளுக்கு வெட்கம் போய்விட்டிருந்தது. பயம் மட்டும்தான் இருந்தது.

வான்மதி தம்பியின் தலையைத் தாங்கி ஜூஸை உதட்டில் வைத்தாள். "முழுங்குடா."

அவன் வாய் நிறைந்தது. வந்திருந்த அத்தனை பேரும் முகிலனுக்கு முதுகைக் காட்டியபடி, மகிழனின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.