கப்பலில் ஏலம் போன ஸ்வெட்டர்

என் அண்ணனும் கிரீஸும் ஒரே பஸ்ஸில் ஏறித்தான் கடற்படைக்குப் போனார்கள். கிரீஸ் என்பது பட்டப்பெயர். அண்ணனோடு பஸ் டிப்போவில் மெக்கானிக். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. எனக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். சண்டை முடியட்டும் என்றார்கள், என்னமோ மழை விடட்டும் என்பதுபோல. தாலி ஏறிய பிறகு ‘வாங்க, போங்க’ எல்லாம் சொல்கிறேன், அதுவரை ‘வா, போ’தான் என்று அவனிடம் கறாராகச் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. இரண்டு பேரும் அதைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் என்று கப்பலின் அடிவயிற்றில் போட்டார்கள். அங்கேயும் கடல் கண்ணில் படவில்லையாம், சூடும் இரைச்சலும்தானாம். ஒருநாள் கப்பலின் பக்கவாட்டில் குண்டு விழுந்தது. நீராவிக் குழாய் வெடித்து என் அண்ணன் வெந்து செத்தான்.

தந்தி வந்தது, உடம்பு வரவில்லை. கடலிலேயே இறக்கிவிட்டார்களாம். அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். “உடம்பக் காட்டட்டும், அப்புறம் அழறேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் தையல் கம்பெனியில், பட்டாளத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த சட்டைகளில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுது தீர்த்தேன்.

கப்பலில் ஒரு வழக்கம் உண்டாம். செத்தவனின் துணிமணிகளை மேல்தளத்தில் பரப்பி, கூட இருந்தவர்களுக்குள் ஏலம் போடுவார்கள். கிழிந்த சாக்ஸைக்கூடக் கொள்ளை விலைக்குக் கேட்பார்கள், அந்தப் பணம் வீட்டுக்குப் போகும் என்பதற்காக. நல்ல மனசுதான், குறை சொல்லமாட்டேன். கிரீஸ் எடுத்தது அண்ணனின் ஸ்வெட்டரை. அம்மா பின்னியது, நீலக் கம்பளி பாதியில் தீர்ந்துபோனதால் ஒரு கை மட்டும் மஞ்சள். அது வேறு எவன் உடம்பிலும் ஏறக்கூடாது, அம்மா கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சம்பளத்தையெல்லாம் அதற்கே கொட்டினான்.

சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது அதைப் பெட்டியில்தான் வைத்திருந்தான். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்ததாம். குளிர் தாங்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டான். இறங்கும்போது கழற்ற மறந்துவிட்டான். அவன் செய்த தப்பு இவ்வளவுதான். என் வாழ்க்கை ஓர் உடைந்த ஜன்னலால் போனது என்றால் யார் நம்புவார்கள்?

அம்மா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தெருமுனைப் பனிக்குள்ளிருந்து அந்த மஞ்சள் கை வந்தது. செருப்பில்லாமல் ஓடினாள். நான் போய்ச் சேருவதற்குள் அவனைக் கட்டிக்கொண்டு, “தந்தி அடிச்சவன் வாயில மண்ணு” என்று அழுதுகொண்டிருந்தாள். தந்தி வந்த நாளிலிருந்து அடக்கிவைத்த அழுகை. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தாள். நன்றாகப் பார்த்துவிட்டு, கறுத்துப் போய்விட்டாயே என்று கன்னத்தைத் தடவினாள். சொல்லிவிடு என்று அவனுக்குக் கண்ணைக் காட்டினேன்.

“ஆமாம்மா, வந்துட்டேன்” என்றான்.

இரண்டு நாள் போகட்டும் என்று இருந்தோம். பிறகு நானே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். என்னை அடிக்க வந்தாள். அதோடு சோறு தண்ணீரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பிழைக்கமாட்டாள் என்றார் டாக்டர். கிரீஸ் பக்கத்தில் உட்கார்ந்து, “நான் இருக்கேன்மா, சாப்பிடு” என்று ஊட்டியபிறகுதான் வாயைத் திறந்தாள். அன்றைக்கே அண்ணனின் அறைக்குக் குடி வந்தான். அவன் வீட்டில் பிள்ளைகள் ஒரு பட்டாளம். ஒருத்தன் குறைந்ததை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா முன்னால் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட வேண்டியதாயிற்று. தங்கச்சிக்கு ஒரு மாப்பிள்ளை பாரேன்டா என்று அவனிடமே அம்மா நச்சரிப்பாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான். காலையில் வேலைக்கு நடந்துபோகும்போது மட்டும்தான் நாங்கள் நாங்களாக இருந்தோம். “அம்மா காலம் வரைக்கும் பொறுத்துக்கோ. என் பக்கத்துல நின்னுதான் அவன் செத்தான். எனக்கு ஒரு கீறல்கூட இல்ல. இதையாவது செய்யறேன்” என்றான். பொறுத்தேன். வந்த வரன்களையெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் துரத்தினேன்.

அம்மாவுக்கு ஆயுசு கெட்டி. எப்போது போவாள் என்று பெற்ற தாயைப் பார்த்து ஏங்கினேன். என் தலை நரைத்தது. அவனுக்கு டிப்போவில் ஃபோர்மேன் பதவி கொடுத்தார்கள். அந்தக் காலைநடையில் ஒருநாள், சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் வைத்து ஓட்டிச் சாக்கடையில் தள்ளிவிட்டதைச் சொல்லிச் சிரித்தான். தள்ளியது என் அண்ணன். தெருவில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அம்மாவுக்காகப் பேசிப் பேசி வந்த பழக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, கூடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றேன். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் எதற்கு வெட்கம் என்று நினைத்துக் கேட்டேவிட்டேன்: “இப்பவாவது கல்யாணம் பண்ணிக்கலாமா?”

அவன் சுருட்டிய பாயைக் கீழே வைத்தான். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, பாவம் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

“என்னம்மா பேசற? அண்ணன்கிட்டப் பேசற பேச்சா இது?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “கிரீஸ நினைச்சே உன் வாழ்க்கையப் பாழாக்கிட்ட, தங்கச்சி. அவன் அந்தக் கப்பல்லயே வெந்து செத்துட்டான். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.”

நான் ஓவென்று அழுதேன். அவன் என் தலையைத் தடவிக்கொடுத்தான்.