பன்னிரண்டாவது குவியல்

திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்த கடற்றொழிலாளர் சங்க அலுவலகத்தில் பத்மாசனி தற்காலிக எழுதுவினைஞர். அவளை நிரந்தரமாக்க மேலாளர் பாலசிங்கத்துக்கு மனமே வரவில்லை. "பிள்ளை, நீர் ஒருத்தரோடயும் ஒத்துப்போறேல்ல" என்பார். ஒத்துப்போவது என்றால் வேறொன்றுமில்லை, பத்து மணி அடித்ததும் கந்தோர் ஆண்கள் எல்லாரும் கூட்டமாகத் தேத்தண்ணிக் கடைக்குப் போவதுதான். அந்த நேரத்தில் வருகிறவர்களுக்கு இவள்தான் தனியே முகம் கொடுப்பாள்.

எழுபத்து நாலாம் ஆண்டு சங்கத்துக்குப் பன்னிரண்டு வள்ள எஞ்சின் வந்தது. கேட்டவர்களோ முப்பத்தாறு பேர், ஆளுக்கொரு விண்ணப்ப அட்டை.

"ஒரு எஞ்சினுக்கு மூண்டு பேர். ஒரே மாதிரியான ஆக்களை மூண்டு மூண்டாச் சேரும். சரியாச் செய்தால் வேலை நிரந்தரம். பிழைச்சால் வீட்டை போகலாம்" என்றார் பாலசிங்கம்.

ஒரே மாதிரி என்று சொல்ல அவருக்கு வாய் நோகுமா? ஒவ்வொரு அட்டையிலும் வயது இருந்தது, வள்ளத்தின் நீளம் இருந்தது. அவை எண்கள். ஆனால் வலையா, தூண்டிலா, எந்த நாள் ஓய்வு என்பதெல்லாம் எண்ணா? வலைக்கு ஒன்று, தூண்டிலுக்கு இரண்டு என்று இலக்கம் போட்டு வயதோடு கூட்டிப் பார்த்தாள். அறுபது வயதுக்குப் பக்கத்தில் அந்த ஒன்றும் இரண்டும் எடுபடவேயில்லை. தொழில் எதுவானாலும் கிழவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

அப்போது தூண்டில்காரர் ஸைனுலாப்தீன் வந்தார். அந்தப் பெரியவரை எல்லாரும் மரியாதையாகக் காக்கா என்பார்கள்.

"காக்கா, வலைக்காரருக்கும் தூண்டில்காரருக்கும் எத்தினை வயசு வித்தியாசம் எண்டு வைக்கலாம்?"

"மகள், உங்களுக்குக் காய்ச்சலா?" என்றார் அவர்.

கடைசியில் அவளே துணிந்து, தொழில் வேறானால் பத்து வயது வித்தியாசம், ஓய்வு நாள் வேறானால் இன்னொரு பத்து என்று வைத்தாள். பதினொரு குவியல் அச்சொட்டாக அமைந்தது. எதிலும் சேராமல் மூன்று அட்டை மிஞ்சியது: ஸைனுலாப்தீன், சல்லிக் கிராமத்துக் கதிரவேல், கணவாய் பிடிக்கும் அன்ஸார். மூன்றையும் ஒரு றப்பரில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டாவது குவியல் என்று எழுதினாள்.

எஞ்சின் கொடுத்து ஒரு கிழமை ஆகவில்லை, சரியாகப் பத்து மணிக்குக் கந்தோர் வாசலில் சனம் திரண்டு நின்றது.

"எங்கட மூண்டு பேருக்கும் விடிய நாலு மணிக்குத்தான் எஞ்சின் வேணும்! என்னெண்டு தொழில் செய்யிற?"

பதினொரு குவியலும் அதே கதைதான். பத்மாசனி வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். அவ்வளவு சனத்தையும் விலக்கிக்கொண்டு ஸைனுலாப்தீன் ஒரு கோர்வை மீனோடு முன்னுக்கு வந்தார்.

"மகளுக்குக் கறிக்கு. எங்கட எஞ்சினுக்கு ஓய்வே இல்ல. விடிய கதிரவேல் வலைக்கு, பகல் நான், இரவில அன்ஸார் கணவாய்க்கு. வெள்ளிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் போறல்ல, கதிரவேல் நாள் முழுக்க ஓடுவார்."

உடனே பின்னாலிருந்து ஒரு குரல்: "எங்களுக்கும் ஒத்துவராத ஆக்களைத் தாங்கோ!"

அவள் பட்ட பாடு வீண்போகவில்லை. யார் யாருக்கு ஒத்தவர் என்பதுதான் குவியல்களில் தெளிவாக இருந்ததே. குவியலுக்கு ஒரு அட்டையாக உருவி, வேறு வேறு ஆட்களை மூன்று மூன்றாகச் சேர்த்தாள். தேத்தண்ணி குடித்துவிட்டு ஆண்கள் திரும்பியபோது வாசலில் ஒருவரும் இல்லை.

பாலசிங்கம் புதிய பட்டியலைப் பார்த்தார். அவளுடைய மேசையைப் பார்த்தார். வெறுமையாய்க் கிடந்த தங்கள் கதிரைகளையும் பார்த்தார். அவளுடைய பணிக் கோவையைத் திறந்து எழுதினார்:

"இவர் எங்கள் ஒருவரோடும் ஒத்துப்போவதில்லை. ஆகவே நிரந்தரமாக்குக."