இரண்டு கன்னத்துக்கு இரண்டு நுரை

அன்று காலை முன்னறையில் இருந்தவர்கள்: சக்கர நாற்காலியில், கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிய அப்பா. அண்ணன். சமையலறை நிலையில் சாய்ந்தபடி அண்ணி. முந்தின நாளே வந்துவிட்ட அக்கா. அக்காவின் கணவர், அதாவது அத்தான். வாசல் கதவை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், கால்களுக்கு நடுவே ஒரு பையோடு, எனக்குத் தெரியாத ஒரு ஆள். கடைசியாக, இரவு வேலை முடிந்து சட்டைகூட மாற்றாமல் நின்ற நான்.

"யாரு இது?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"ஏஜென்சில இருந்து வந்திருக்கார். நோயாளியைப் பாத்துக்கறவர். இன்னும் எதுவும் முடிவாகல. சும்மா வரச் சொன்னேன்."

சும்மா வரச் சொன்ன ஆள் தலையணை கொண்டுவந்திருந்தார். பையின் வாயில் அதன் முனை எட்டிப் பார்த்தது.

விஷயம் இதுதான். பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அதிலிருந்து குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சவரம் செய்வது எல்லாம் நான். இருட்டியதும் நான் குளிர்பதனக் கிடங்குக்கு வேலைக்குப் போய்விடுவேன். விடியும்வரை அண்ணனும் அண்ணியும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பதிலாக எனக்குப் பின்னறை. இஞ்சினியரிங்கைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே அதிகம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். நான் மறுத்துப் பேசியதில்லை.

இப்போது அப்பாவின் இடது கன்னத்தில், வாய்க்கோடியிலிருந்து தாடைவரை, தோல் சிவந்து உரிந்து புண்ணாகியிருந்தது. நான் போடும் சோப்புதான் காரணம் என்று அண்ணன் சொன்னான். சோப்புதான் என்று முடிவானால் பின்னறைக்குத் தலையணை ஆள் வருவார், நான் வெளியே. அதைத் தீர்க்கத்தான் இந்தக் கூட்டம்.

மேஜைமேல் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று என் சோப்பு: மூடி விரிசல் விட்ட பிளாஸ்டிக் கிண்ணத்தில் வட்டமான வெள்ளைச் சோப்பு. எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். ஒரு டீயை விட்டுக்கொடுத்தால் வாங்கிவிடலாம். இன்னொன்று அண்ணனின் நுரை டப்பா: நீல நிறம், தலையில் அழுத்தினால் சீறும். அண்ணன் அந்த டப்பாக்களை விநியோகிக்கும் கம்பெனியில் ஏரியா மேனேஜர். வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூட சாம்பிள் டப்பாக்கள்.

"அது சோப்பே இல்லடா, சுண்ணாம்பு" என்றான் அண்ணன். "என்ன போட்டுச் செய்யறான்னு யாருக்குத் தெரியும்? தோலை அப்படியே வறட்டிடும்."

"அப்பா ரிட்டயர் ஆகறவரைக்கும் இதைத்தானே போட்டார்" என்றாள் அக்கா. "டியூட்டிக்குக் கிளம்பறப்ப முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். நான்தான் சுடுதண்ணி கொண்டு போவேன். எனக்கு அந்த வாசனை பிடிக்கும்."

"உனக்குப் பிடிக்கும். அடி வாங்கினது நான்தானே."

அது உண்மை. அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். காலையில் ஜன்னல் கம்பியில் கண்ணாடியைத் தொங்கவிட்டுச் சவரம் செய்யும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. அண்ணன் ஒருநாள் மார்க் ஷீட்டோடு குறுக்கே போய்விட்டான். அப்பா பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே அறைந்தார். அண்ணன் கன்னத்தில் நுரையோடு பள்ளிக்கூடம் போனான்.

"அந்த வாசனை வந்தாலே எனக்கு இப்பவும் கன்னம் எரியுது" என்றான்.

"எரிஞ்சது சோப்பாலயா, அறையாலயா?" என்று அத்தான் கேட்டார்.

அக்கா அவரை முறைத்தாள். அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மற்றவன் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மட்டும் மிதிக்கிற தொழில். குடும்பத்திலும் அதே வேலைதான்.

"உங்க அபிப்பிராயம் என்ன மாப்ள?" என்றான் அண்ணன்.

"சோப்பு மலிவு, அது ஒரு நல்ல விஷயம். டப்பா ஓசி, அது அதைவிட நல்ல விஷயம்."

"சோப்பு காரணம்னா ரெண்டு கன்னத்துலயும் வந்திருக்கணும்" என்றேன். "ரெண்டு பக்கமும் ஒரே சோப்புதான் போடறேன். வலது கன்னத்தைப் பாருங்க, ஒரு பரு கூட இல்ல."

யாரும் பார்க்கவில்லை.

"அப்புறம் எதுக்கு அதையே பிடிச்சுத் தொங்கற?" என்றாள் அண்ணி. "வீட்டுல டப்பா டப்பாவா கிடக்கு. வீம்பு."

வீம்பு இல்லை. டப்பா நுரை கொஞ்ச நேரத்தில் அமுங்கிக் காய்ந்துவிடும். அப்பாவுக்கு அவசரமாகச் சவரம் செய்ய முடியாது. தலை சரியும், இருமல் வரும், நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டும். பிரஷ்ஷைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் குழைத்தால் அந்தச் சோப்பு நுரை தயிர் மாதிரி கெட்டியாக நிற்கும். இருமி முடித்த பிறகும் அது அப்படியே இருக்கும். இதைச் சொன்னேன்.

"பெரிய ஆராய்ச்சி" என்றான் அண்ணன். "சரி, பேச்சு எதுக்கு? இப்பவே போட்டுப் பாத்துடலாம். ஒரு கன்னத்துக்கு உன்னோடது, ஒரு கன்னத்துக்கு என்னோடது. எது எரியுதுன்னு அப்பா முகமே சொல்லிடும்."

"புண்ணு இருக்கிற பக்கம் அந்தச் சோப்பைப் போடாதீங்க" என்றாள் அண்ணி. "டப்பாவைப் போடுங்க. அதுதான் மென்மையா இருக்கும்."

அப்படியே முடிவாயிற்று. வலது கன்னத்துக்குச் சோப்பு. இடது கன்னத்துக்கு டப்பா.

அப்போதே நான் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வலது பக்கம் அப்பாவுக்கு உயிர் உள்ள பக்கம். தினமும் என் கையில் அந்தக் கன்னம் அசையாமல் இருக்கும், சில நாள் தூங்கியே விடுவார். இன்றும் அப்படி இருந்தால் எனக்கு அது போதும் என்று நினைத்து, சமையலறைக்குத் தண்ணீர் சுடவைக்கப் போனேன்.

"நீ எங்க போற?" என்றான் அண்ணன். "நீயும் செய்யக்கூடாது, நானும் செய்யக்கூடாது. மாப்ள செய்யட்டும். பொதுவான கை."

பொதுவான கை சட்டைக் கையை மடித்துக்கொண்டது. அத்தான் குழாய்த் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்தார். சோப்பில் இரண்டு தேய். வந்தது நுரை இல்லை, பால் கலந்த தண்ணீர். அதைக் கன்னத்தில் பூசி, எதிரே நின்று, கார் கண்ணாடி துடைப்பதுபோல ரேசரை மேலிருந்து கீழே இழுத்தார்.

"அத்தான், நுரையே வரல. சுடுதண்ணி வேணும்."

"நீ தள்ளி நில்லு. பொதுவா நடக்கட்டும்."

வறண்ட தாடியில் பிளேடு கரகரத்தது. அப்பா வலது கண்ணை இறுக்கிக்கொண்டார். இரண்டாவது இழுப்பில் தலையைப் பின்னால் வாங்கினார். மூன்றாவதில் வலது கை எழுந்து அத்தானின் மணிக்கட்டைத் தட்டிவிட்டது.

"பாத்தியா?" என்றான் அண்ணன், அக்காவிடம். "எரியுது."

பிறகு டப்பா சீறியது. இடது கன்னம் முழுக்க நீலம் கலந்த நுரை. வலது பக்கத்தில் அடி வாங்கிய பயத்தில் அத்தான் அவசரமாக இழுத்தார். புண்ணை ஒட்டித் தாடை வளைவில் ரேசர் வழுக்கியது. நுரை நடுவே ஒரு சிவப்புக் கோடு எழுந்து, கிளை பிரிந்து, கழுத்துக்கு இறங்கத் தொடங்கியது.

அப்பா அசையவில்லை. இமைகூடத் துடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி அமைதியாக இருந்தார்.

"ஐயோ, வெட்டிட்டீங்களா?" என்றாள் அக்கா.

"லேசாத்தான்" என்றார் அத்தான். "ஆனா பாரு, மாமா முகம் சுளிக்கவே இல்ல."

"அதைத்தானே சொல்றேன்" என்றான் அண்ணன். நிஜமாகவே சந்தோஷப்பட்டான். "வெட்டுப்பட்டுக்கூட எரியல. அப்படி ஒரு மென்மை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

வாசலோர ஆளிடம் அத்தான் கேட்டார்: "நீங்க தொழில்ல இருக்கறவரு. நீங்க என்ன சொல்றீங்க?"

"எதைக் குடுத்தாலும் போடுவேன் சார்."

"அந்த ரத்தத்தையாவது துடைங்களேன்" என்றாள் அக்கா.

"நான் இன்னும் டியூட்டில சேரலம்மா" என்றார் அவர்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். ஜெயித்தவனுக்கு வரும் தாராளம் அவனுக்கும் வந்திருந்தது. "சரி, நானும் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்ல. இனிமே அந்தச் சோப்பைத் தொடாதே. டப்பாதான். அப்படின்னா நீயே இருந்துக்கோ. இவரை அனுப்பிடறேன்."

"சரின்னு சொல்லேன்டா" என்றாள் அக்கா. "ஒரு சோப்புக்காகவா?"

ஒரு சோப்புக்காக இல்லைதான். 'சரி' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் இன்றைக்கும் பின்னறையில் இருந்திருப்பேன். அப்போது அந்தச் சிவப்புக் கோடு துண்டைத் தொட்டது. எல்லாரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எரியலன்னு இல்ல" என்றேன். "அந்தக் கன்னத்துல அவருக்கு உணர்ச்சியே கிடையாது. கை கால் மாதிரியே அதுவும் செத்த பக்கம். அறுத்தாலும் தெரியாது."

அக்கா எழுந்து வந்து அப்பாவின் இடது கன்னத்தில் நகத்தால் அழுத்தினாள். அப்பா ஜன்னலையே பார்த்தார். வலது கன்னத்தைத் தொட்டாள். உடனே அவர் கண் அவளிடம் திரும்பியது. அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதே" என்றாள்.

"டாக்டர் கை கால்னுதான் சொன்னார்" என்றான் அண்ணன். அவன் காது சிவந்துவிட்டது. அங்கேயே விட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவன் விடவில்லை. "சரி, உணர்ச்சி இல்ல. புண்ணு எப்படி வந்துச்சு? அதைச் சொல்லு, நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே."

"எச்சில்."

"என்ன?"

"அந்தப் பக்கம் வாய் மூடாது. ராத்திரி பூரா எச்சில் வடியுது. வடியறது அவருக்குத் தெரியாது. காலைல நான் வர்றப்போ தலையணை நனைஞ்சு, உறை கன்னத்தோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். பிரிச்சு எடுத்தா தோலும் சேர்ந்து வரும். சோப்பும் இல்ல, டப்பாவும் இல்ல."

அண்ணி நிலையிலிருந்து நிமிர்ந்தாள். "அப்ப ராத்திரி நாங்க பாக்கலன்னு சொல்ற."

"பாத்தீங்களா அண்ணி?"

அண்ணி ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். ராத்திரி அவள் கட்டை மாதிரி தூங்குவதில் தப்பு இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் கேட்டுவிட்டேன்.

"காலையில இருந்து கால் கடுக்க நின்னுட்டு வந்து, ராத்திரியும் வாயைத் துடைக்கணுமா?" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல், அண்ணனைப் பார்த்து. "உங்க தம்பி என்னை உக்கார வச்சு விசாரிக்கறார். கேட்டுக்கிட்டு நிக்கறீங்க."

அண்ணன் வாசல் பக்கம் திரும்பினான். பிறகு வாசலோர ஆளிடம், "பையைப் பின்னறையில வச்சிடுங்க" என்றான்.

அத்தான் பிரேக் மிதிக்கவில்லை. கையைக் கழுவப் போய்விட்டார்.

எடுத்துவைக்க எனக்கு அதிகம் இல்லை. ஒரு பையில் எல்லாம் அடங்கிவிட்டது. நான் பின்னறையிலிருந்து வெளியே வரும்போதே அந்த ஆள் தலையணையோடு உள்ளே போனார்; குறுகலான வாசலில் இருவரும் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டோம். முன்னறையில் அண்ணி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சோப்புக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"தூக்கிப் போட்டுடு" என்றான் அண்ணன்.

"எதுக்கு? வாஷ்பேசின் தேய்க்க ஆகும்."

அப்பாவின் முகத்தில் பாதி நுரை அப்படியே காய்ந்து கிடந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். வெட்டின இடத்தில் படிகாரக் கட்டியை வைத்து ரத்தம் நிற்கும்வரை அழுத்தினேன். அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் என்னையும் பார்க்கவில்லை. பின்னறை வாசலில் தெரிந்த புதுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்க டிக்கெட் பரிசோதித்த மனுஷன். பையோடு ஏறுகிறவன்தான் அவர் கண்ணில் படுவான், இறங்குகிறவன் இல்லை.

அக்கா அழவில்லை. "எங்கடா போவ?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், அவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று அத்தானிடம் கேட்டாள்.

செருப்பு மாட்டும்போது புது ஆள் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, சாவி உங்ககிட்ட ஒண்ணு இருக்காம். வாங்கிக்கச் சொன்னாங்க."

கொடுத்தேன்.

"ராத்திரி அவரை இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைக்காதீங்க" என்றேன். "வலது பக்கமா வைங்க. எச்சில் வடிஞ்சா அவருக்கே தெரியும், முனகுவார். கன்னத்துக்கு அடியில ஒரு துணி போடுங்க."

"மேடம் என்ன சொல்றாங்களோ அதும்படிதாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் படி இறங்கினேன். பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி நுழையும் சத்தம். அந்தப் பூட்டு முதல் திருப்பலில் பிடிக்காது. இழுத்துப் பிடித்து இன்னொரு முறை திருப்ப வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துப் பூட்டினார்.