வடக்கே தலைமாடு

கெர்டா அம்மாவுக்கு எங்கள் ஊர் வெயில் பிடிக்கவில்லை, எறும்பு பிடிக்கவில்லை, பால்காரர் தண்ணீர் கலப்பதும் பிடிக்கவில்லை. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். பிரசவத்துக்கு ஆள் வராததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

1981-ல் டென்மார்க்கிலிருந்து கணவர் நில்ஸ் பாதிரியாரோடும் ஐந்து வயது மகள் லீனாவோடும் வந்தார். அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் சாலையில் மிஷன் ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டியது. நான் பொன்னம்மாள், அங்கே நர்சு. மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். அம்மா பேசுவது புத்தகத் தமிழ். ஊர்ப் பெண்கள் பேசுவதில் பாதிதான் அவருக்குப் பிடிபடும். மீதிப் பாதி என் வாயை நம்பி இருந்தது.

பிரசவ அறையை அம்மாவே காகிதத்தில் வரைந்தார். கட்டில் வேண்டாம், கழுவிவிட வசதியாகச் சிமெண்டுத் திண்டு போதும் என்றார். சாக்கடை தெற்குச் சுவரோரம் போனதால் திண்டின் கால்பக்கம் தெற்கே சரிந்து இறங்கியது. தலைமாடு வடக்கே வந்தது.

கொத்தனார் கொளஞ்சி கரணையைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா நர்சு, தலமாடு வடக்கால வருதே. தொரசாணிக்குத் தெரியாது. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"அது உங்க நம்பிக்கை. எங்களுக்கு அதெல்லாம் கெடையாது. நீங்க பூசுங்க" என்றேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதக்காரர்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வெள்ளைக்கார அம்மாவிடம் போய் வடக்கு, தெற்கு என்று நின்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? மூளை கெட்ட கௌரவம். இதை எழுதும்போதுகூட என்மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

ஆஸ்பத்திரி திறந்தோம். காய்ச்சலுக்கு வந்தார்கள், சிரங்குக்கு வந்தார்கள், ஒன்றும் இல்லாதவர்கள்கூட வந்து ஊசி போடச் சொல்லி அடம்பிடித்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் மாதாமாதம் வந்து வயிற்றைக் காட்டினார்கள், சத்து மாத்திரை வாங்கிப்போனார்கள். பிரசவ அறையைக் காட்டினால் மட்டும் திண்டைப் பார்ப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், "வரோம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வலி வந்தால் வேறெங்காவது போய்விடுவார்கள்.

ஒருத்தி வெளிப்படையாகவே கேட்டுவிட்டாள். "வடக்கால தல வச்சு எப்புடிம்மா படுக்குறது?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் அம்மா.

"பயமா இருக்குதாம்" என்றேன்.

முதல் தடவை அப்படிச் சொல்ல நாக்கு கூசியது. இரண்டாம் தடவை கூசவில்லை. பிறகு அதுவே பழகிவிட்டது.

பயம் என்றால் எதைக் கண்டு பயம்? பாவம், அம்மா தேடாத இடம் இல்லை. தன் கை சில்லென்று இருக்கிறதோ என்று வெந்நீரில் நனைத்துக்கொண்டு தொட்டார். வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு நூல் புடவை கட்டினார். அது நிமிஷத்துக்கு ஒரு தரம் அவிழ்ந்தது. பாதிரியார் சுவரில் இருந்த சிலுவைப் படத்தைக் கழற்றி வைத்தார். அறைக்கு மஞ்சள் பூசினார்கள். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு அம்மா சட்டைகூடத் தைத்து அடுக்கினார். போட்டுக்கொள்ளத்தான் பிள்ளை இல்லை.

வீட்டுக்குள்ளும் நிம்மதி போய்விட்டது. லீனாவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு, ஊருக்குப் போகலாம் என்று தினமும் அழுகை. சாப்பாட்டு மேசையில் புருஷனும் பெண்டாட்டியும் அவர்கள் பாஷையில் வாக்குவாதம் செய்வார்கள். ஒரு சொல்கூட எனக்குப் புரியாது, ஆனால் சண்டை என்பது புரியாமலா போகும்? டென்மார்க்கில் நானூறு பிரசவத்துக்கு மேல் பார்த்தவர் அம்மா. இங்கே ஏழு மாதத்தில் நாலே நாலு. அந்த நாலு பேரும் திக்கு திசை பார்க்க நேரமில்லாமல் வந்து விழுந்தவர்கள்.

நவம்பரில் தலைமை மிஷனிலிருந்து கடிதம் வந்தது. வருஷக் கடைசியோடு பிரசவ அறையை மூடிவிடுவது, அம்மா ஜனவரியில் பெரம்பலூர்ப் பெண்கள் விடுதிக்குப் போய்ப் பொறுப்பேற்பது என்று முடிவாகியிருந்தது.

"நான் மருத்துவச்சி. பிள்ளைகளுக்குப் படுக்கை விரிக்கவா கடல் கடந்து வந்தேன்?" என்று என்னிடம் கேட்டார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறேன்? முழுங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலைப் பொழுது, காத்தாயி என்ற பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். மாமியார் ரெங்கம்மாளும் கூட வந்தாள். காத்தாயி திண்டில் ஏறியவள் சரிந்த பக்கம் தலையை வைத்து, தலையணைப் பக்கம் காலை நீட்டிப் படுத்தாள்.

"இந்தப் பக்கம் திரும்பு, காத்தாயி" என்று அம்மா அவள் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினார்.

ரெங்கம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "எந்திரிடி. வடக்கால தல வச்சு நம்மூட்டுப் புள்ளயப் பெத்துக்க வேணாம். டவுனு ஆசுபத்திரிக்கே போயிருவோம்."

அம்மா என்னைப் பார்த்தார். "இப்போது என்ன?"

"பயமாம்" என்றேன்.

வண்டி கிளம்பிவிட்டது. அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதியில் புடவையை முழங்கால்வரை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். ஒரு பர்லாங்கு தாண்டவில்லை, காத்தாயி அலறினாள், வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு ஒதுங்கிப் போனார். அம்மா வண்டிக்குள் ஏறினார். தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. விரலை நுழைத்துத் தளர்த்தி, தலைக்கு மேலாக எடுத்துவிட்டார். பெண் குழந்தை. உடனே அழவில்லை. முதுகைத் தேய்த்ததும் அழுதது. அந்தக் கைகளை அன்றுதான் நான் சரியாகப் பார்த்தேன்.

ரெங்கம்மாள் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெளிநாட்டவருக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக, கையை வடக்கேயும் தெற்கேயும் நீட்டிக் காட்டிப் பேசினாள்.

"ராசியான கை தாயி உனக்கு. அந்தத் திண்டு வடக்கால தல வக்கிற மாதிரி இல்லாட்டி எங்கூருப் பொம்பளைங்க அத்தன பேரும் உங்கிட்டதான் வந்திருப்போம். கட்டுறப்பவே கொளஞ்சி நர்சம்மாகிட்டச் சொன்னாரே."

இதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அம்மா வண்டியிலிருந்து இறங்கினார். முழங்கைவரை ரத்தமாக இருந்தது.

"கொத்தனார் உன்னிடம் சொன்னாரா?"

"சொன்னாரும்மா."

"நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"மூடநம்பிக்கைன்னு சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

அம்மா கையிலிருந்த ரத்தத்தைப் புடவையில் துடைத்தார். பிறகு கேட்டார்: "உன் வீட்டில் நீ எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பாய்?"

"கிழக்கால."

"வடக்கே?"

"வைக்க மாட்டேன்மா."

அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, பிழையில்லாத தமிழில், நிதானமாகச் சொன்னார்.

"இவர்கள் ஏன் வரவில்லை என்று எனக்குக் காட்டும்படி ஏழு மாதம் தினமும் ஜெபம் செய்தேன், பொன்னம்மா. நீ என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாய். நீயும் ஆமென் சொன்னாய்."

பெட்டியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.