மூன்று தரம் கூப்பிட்டவர்

“எடை குறைச்சலா? என் ரொட்டியா? மாடியில நின்னுக்கிட்டு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துறீங்களே சம்பந்தி, கீழ இறங்கி வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.”

“நான் ஏன் இறங்கணும்? கூப்பிடுறது என் வேலை. கூப்பிட்டா வர வேண்டியது நீங்க.”

“அதான் வந்துட்டேனே, கண்ணு தெரியலையா?”

“இது சண்டைக்கு வர்றது. ஆஜராகுறதுன்னா கையைக் கட்டிக்கிட்டு ‘ஆஜர்’னு சொல்லணும்.”

ரொட்டிக்கடைக்காரர் கையைக் கட்டவில்லை. முழங்கை வரைக்கும் மாவு ஒட்டியிருந்தது, கட்டியிருந்தாலும் பிரிக்க முடியாது. காற்றே இல்லாத அந்தப் புதன்கிழமைக் காலையில், தெருவிலிருந்த அத்தனை ஜன்னல் திரைகளும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

மாடியில் நின்றவரைத் தெருவே ஆஜர்காரர் என்றுதான் சொல்லும். முப்பத்தொரு வருஷம் நீதிமன்ற வாசலில் நின்று, வழக்குக்கு வந்தவர்களை மூன்று தரம் கூப்பிட்ட தொண்டை அது. முதல் கூப்பாடு காதுக்கு, இரண்டாவது காலுக்கு, மூன்றாவது மனசாட்சிக்கு என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்வார். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிவிட்டது. ஆனால் தொண்டைக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. போன வாரம் வரைக்கும் அது வீட்டுக்குள் காப்பி கேட்பதோடு நின்றிருந்தது.

இந்தத் திங்கட்கிழமை சரியாகப் பத்தரை மணிக்கு, பித்தளைப் பொத்தான் வைத்த பழைய கோட்டை மாட்டிக்கொண்டு மாடி வராந்தாவுக்கு வந்தார். இரண்டு தரம் இருமினார். மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார். தேதி முடிந்த இருமல் மருந்தை விற்றது குற்றம். செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுத் தையல்காரம்மா. ஊரார் மிச்சத் துணியெல்லாம் அவள் வீட்டுத் தலையணை உறையானது குற்றம். புதன்கிழமை ரொட்டிக்கடை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், தொழிலைத்தான் சொல்வார். பெயர் சொன்னால் அவதூறு வழக்கு வரும், தொழிலைச் சொன்னால் வராது என்பது வாசலில் நின்றே அவர் கற்ற சட்டம். தெருவில் இருப்பது ஒரே ஒரு ரொட்டிக்கடைதான் என்பது அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

இதையெல்லாம் யார் செய்யச் சொன்னார்கள் என்று மனைவி கேட்டபோது, அவரிடம் பதில் தயாராக இருந்தது.

“காலம் கெட்டுப்போச்சும்மா. தொட்டதெல்லாம் கலப்படம், வாயைத் திறந்தா பொய். தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஆண்டவன் இன்னும் நாற்காலிக்கு வரலை. கண்டிப்பா வருவார். அதுக்குள்ள வராந்தாவுல கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, யார் மேல என்ன கேஸுன்னு சொல்லி வைக்கணும்ல? ஐயா வந்து உக்காந்ததும் தேடிக்கிட்டு இருக்கக் கூடாது பாரு.”

“ஆண்டவனுக்கு உங்களை விட்டா வேற ஆளே கிடைக்கலையாக்கும்.”

“கிடைக்கலைன்னுதான் நெனைக்கிறேன்,” என்றார் அவர். கேலி புரியாமல் இல்லை. அவரிடம் ஆதாரம் இருந்தது.

ஆதாரம் குளியலறையில் இருந்தது. தெருவில் காலை ஏழு மணிக்கெல்லாம் குழாய்கள் வெறும் காற்றைத் துப்பும். ஆஜர்காரர் வீட்டில் மட்டும் ஒன்பது மணிக்கும் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும். ஏழு வாளி குளிப்பார். குளிக்கும்போது சுவருக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் கேட்கும். எதிர்வீட்டுத் தையல் மெஷின் என்று மனைவி அவரிடமும் தெருவிலும் சொல்லியிருந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே வராந்தாவில் நின்று, காலிக் குடத்தோடு போகிறவர்களைப் பார்த்து, “நேர்மையா இருக்கிறவன் வீட்டுக் குழாய்ல ஆண்டவன் தானா தண்ணி விடுறான்,” என்று சொல்லுவார். குடத்தைத் தூக்கி எறியலாமா என்று தையல்காரம்மா பலமுறை யோசித்ததுண்டு. குடம் நசுங்கிவிடுமே என்று விட்டுவிட்டாள்.

சரி, புதன்கிழமைக்கு வருவோம். ரொட்டிக்கடைக்காரரை எல்லாரையும்போல விட்டுவிட முடியாத சங்கடம் ஒன்று இருந்தது. ஆஜர்காரரின் ஒரே மகளை ரொட்டிக்கடைக்காரரின் தம்பிக்குப் பேசி முடித்திருந்தார்கள். அந்தத் தம்பிக்கு மாவு என்று பெயர். அதாவது, தெரு வைத்த பெயர். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணாடியில் மாவு படிந்துவிட்டது, துடைத்துக் கொடுங்கள் என்று வாரத்துக்கு மூன்று தரம் போய் நின்ற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

“நாளைக்கு இதே நேரம், இதே கோட்டு, இதே தொண்டை,” என்றார் ரொட்டிக்கடைக்காரர், மாவுக் கையை மேலே நீட்டி. “என் ரொட்டி சரியான எடைன்னு மூணு தரம் சொல்றீங்க. சொல்லலைன்னா கல்யாணம் கிடையாது. என் தம்பிக்கு வேற இடம் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு அவர் போனார். திரைகள் ஆடுவது நின்றது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த மகள், அதற்குள் மூன்று பேர் வாயால் செய்தியைக் கேட்டிருந்தாள். தட்டின் முன் உட்கார்ந்ததும் சொன்னாள்.

“பதினோரு நாள்தான்ப்பா. அதுவரைக்கும் ஆண்டவன்கிட்ட லீவு கேளுங்க.”

“என்னைப் பொய் சொல்லச் சொல்றியா? நானே எடை போட்டுப் பாத்தேன். உறையில நானூறு கிராம்னு போட்டிருக்கு. இருக்கிறது முந்நூத்து அறுபது.”

“பொய் சொல்லச் சொல்லல. கூப்பிடாம இருந்திருக்கலாம்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் சமாளித்திருப்பார். நீதிமன்ற வாசலில் அவர் பார்க்காத அழுகையா? அவள் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் பளிச்சென்று துடைத்து, திரும்ப மாட்டிவிட்டு, கை கழுவப் போனாள். எல்லாம் தெளிவாகத் தெரிந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க வராந்தாவில் நடந்தார். எடை சரி என்று சொன்னால் பொய். சொல்லாவிட்டால் மகள் கல்யாணம் போச்சு. நடந்து நடந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு வழி கிடைத்தது. பெரிய கொலை வழக்கு வருகிற அன்றைக்குச் சைக்கிள் திருட்டு வழக்கை யாராவது கவனித்திருக்கிறார்களா? ரொட்டியை விடப் பெரிய குற்றம் ஒன்றைக் கூப்பிட்டுவிட்டால், ரொட்டி தானாகக் காணாமல் போய்விடும். தெருவில் யாரோ குழாயோடு மோட்டாரைச் சேர்த்து வைத்து எல்லார் தண்ணீரையும் உறிஞ்சுகிறார்கள் என்று வெகுநாளாகப் பேச்சு. அதைவிடப் பெரிய கேஸ் எது? பெருமையோடு படுக்கப் போனார். மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வியாழக்கிழமை பத்தரைக்குத் தெருவில் நிற்க இடமில்லை. மருந்துக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருந்தார். தையல்காரம்மா தைக்கிற துணியோடு படியில் உட்கார்ந்திருந்தாள். டீக்கடை ஓரமாக, தெருவுக்கெல்லாம் குழாய் மாட்டிக் கொடுக்கிற குழாய்க்காரர் கிளாஸும் கையுமாக நின்றார். நடுவில் ரொட்டிக்கடைக்காரர். பக்கத்தில் மாவு, கண்ணாடி முழுக்க வெள்ளை.

ஆஜர்காரர் வந்தார். பொத்தான் மின்னியது. இரண்டு தரம் இருமினார்.

“தண்ணி திருடினவங்க, ஆஜர்.”

எல்லாரும் ரொட்டியை எதிர்பார்த்திருந்ததால் ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். தையல்காரம்மா ஊசிக் காதைப் பார்த்தாள்.

“தண்ணி திருடினவங்க, ஆஜர்.”

இப்போது கண்கள் மெல்ல ரொட்டிக்கடைப் பக்கம் திரும்பின. மாவு பிசைய எவ்வளவு தண்ணீர் வேண்டும், நீங்களே சொல்லுங்கள். ரொட்டிக்கடைக்காரர் முகம் அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் ஆகிவிட்டது. மாடியில் ஆஜர்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வழக்கு அவர் நினைத்த பக்கம் போகவில்லை. சம்பந்தி தலையிலேயே போய் விடியப் பார்க்கிறது. ஆனால் இரண்டு தரம் கூப்பிட்டு நிறுத்திய பழக்கம் அந்தத் தொண்டைக்குக் கிடையாது.

“தண்ணி திருடினவங்க, ஆஜர்.”

மாவு கண்ணாடியைக் கழற்றினான். ஒரு அடி முன்னால் வந்தான். அவனுக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாராவது ஒருத்தர் நான்தான் என்று சொல்லித் தொலைத்தால் சண்டை முடிந்து கல்யாணம் நடக்கும் என்று நினைத்தானாம். வாயைத் திறந்தான்.

“ஆஜர்.”

குரல் மேலிருந்து வந்தது. பெண் குரல். ஆஜர்காரருக்குப் பின்னால், சோப்பு நுரைக் கையோடு அவர் மனைவி நின்றிருந்தாள். நான்கு நாளில் அவர் கூப்பாட்டுக்குப் பதிலாகக் கேட்ட முதல் ஆஜர் அதுதான்.

“உள்ள போம்மா, விளையாடாத.”

“விளையாடல. மோட்டார் நம்ம வீட்டுலதான் இருக்கு. குளியலறைக்குப் பின்னால, கவுத்து வச்ச அண்டாவுக்கு அடியில. ரெண்டு வருஷமாச்சு. அந்தப் பிள்ளை பாவம், செய்யாத தப்புக்கு முன்னால வருது. பாத்துக்கிட்டு நிக்க முடியல.”

“ரெண்டு வருஷமா? ஏன்?”

“ஓய்வாகி வந்த புதுசுல ஒரு நாள் குழாய்ல அரை வாளிதான் வந்துச்சு. உலகம் அழியப்போகுதுன்னு சாயங்காலம் வரைக்கும் பேசினீங்க. தினமும் உலகம் அழியறதைவிட ஒரு மோட்டார் வச்சிடலாம்னு தோணுச்சு.”

“அப்போ அது என் மெஷின் சத்தம் இல்லையா அண்ணி?” என்று எதிர்ப்படியிலிருந்து தையல்காரம்மா கேட்டாள்.

ரொட்டிக்கடைக்காரர் இடுப்பில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். “கேஸ் கூப்பிட்டாச்சு, ஆளும் ஆஜர். தீர்ப்பு என்ன சம்பந்தி?”

ஆஜர்காரர் உதட்டை நனைத்துக்கொண்டார். “ஐயா இன்னும் நாற்காலிக்கு வரல. வழக்கு... ஒத்திவைக்கப்படுது.”

தெரு சிரித்த சிரிப்பில் டீக்கடைப் பாத்திரம் அதிர்ந்தது என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கையை உதறிவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“முப்பத்தொரு வருஷத்துல அந்த ஜட்ஜ் நாற்காலியில கைகூட வச்சதில்லைன்னு பெருமையா சொல்வீங்களே. தூசி தட்டும்போது துணிதான் படும், விரல் படாதுன்னு. இங்க நாலே நாள்ல ஏறி உக்காந்துட்டீங்களேங்க.”

அவர் கோட்டைக் கழற்றினார். மடித்து வராந்தாக் கம்பியில் போட்டார். படியிறங்கித் தெருவுக்கு வந்து, ரொட்டிக்கடைக்காரர் பக்கத்தில் நின்று, தன் வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மனைவியும் உள்ளே போயிருந்தாள். காலி வராந்தாவைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

“ஆஜர்,” என்றார். அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னச் சத்தம் வரும் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு பக்கத்தில் திரும்பினார். “ஐயா வரலை, ஐயா வரலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன் சம்பந்தி. அவர் எப்பவோ வந்து உக்காந்துதான் இருந்திருக்கார். நான்தான் நாற்காலிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னிருக்கேன். வழக்குக் கட்டுல முதல் கேஸே என்னோடது. உங்க ரொட்டி எடையைப் பத்தி நான் பொய் சொல்ல முடியாது. ஆனா அதைக் கூப்பிடுறதுக்கு நான் ஆளில்ல. மன்னிச்சுக்குங்க.”

ரொட்டிக்கடைக்காரருக்கு ஒரு சண்டை மீதமிருந்தது. ஏழு வாளி குளித்த ஆள் எதிரில் கையைக் கட்டி நிற்கும்போது அதை எடுத்துப் போட மனசு வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

“அது வந்து... அச்சு கொஞ்சம் சின்னதா வாங்கிட்டேன். மாத்திடறேன், விடுங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மோட்டார்னு சொன்னதும் எனக்கும் திக்குன்னுதான் இருந்துச்சு. எங்க கடையிலயும் ஒண்ணு இருக்கு,” என்றார்.

தாழ்த்திய குரல் தையல்காரம்மா காதில் விழாமல் இருக்குமா? “அப்போ எனக்கு மட்டும் என்ன வெக்கம்?” என்று எழுந்தாள். “எங்க வீட்டுலயும் இருக்கு. ஆஜர்.”

“ஆஜர்,” என்றார் மருந்துக்கடைக்காரர், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. மொத்தம் பதினொன்று. ஒவ்வொரு வீடும் தான் மட்டும்தான் வைத்திருப்பதாக நினைத்து, மற்றவர்கள் முன்னால் கூச்சப்பட்டு, மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. தெருக் குழாயில் முதல் வீடு ஆஜர்காரருடையது, அதனால் முதல் இழுப்பு அவருக்கு, மற்றவர்களுக்குக் காற்று. பதினொன்றையும் மாட்டியது யார் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ‘உங்க தெருவுல உங்களுக்கு மட்டும்தான், வெளிய சொல்லாதீங்க’ என்று பதினொரு வீட்டிலும் ஒரே வசனம் சொன்ன ஆள். டீக்கடைப் பக்கம் திரும்பினார்கள். கிளாஸில் பாதி டீ இருந்தது, குழாய்க்காரர் இல்லை.

சனிக்கிழமைக்குள் பதினொன்றும் கழன்றன. இப்போது தண்ணீர் விரல் பருமனில்தான் வருகிறது, ஆனால் ஒன்பது மணி வரைக்கும் எல்லார் வீட்டிலும் வருகிறது. ஆஜர்காரர் இரண்டு வாளியில் குளிக்கிறார். உலகம் அழிவதைப் பற்றி இரண்டாவது வாளியில் லேசாக முணுமுணுப்பதாகக் கேள்வி.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற வேலையை மாப்பிள்ளை வீட்டார் ஆஜர்காரருக்கே கொடுத்தார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு, இருமிவிட்டு, மூன்று தரம் கூப்பிடத் தயாராக நின்றார். முதல் தரத்திலேயே இடம் நிரம்பிவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். மகளும் மாவும் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் தனியாகக் கடை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ரொட்டி நானூறு கிராமுக்கு மேலேயே நிற்கிறது, மாமனார் எடை போடுவார் என்ற பயமாக இருக்கலாம். தையல்காரம்மாவின் மகள் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போனாள், பதினெட்டுத் தலையணை உறைகளோடு.

குழாய்க்காரர் அந்த வியாழக்கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். அந்த ஊரில் இப்போது காலை ஏழு மணிக்கெல்லாம் தண்ணீர் நின்றுவிடுகிறதாம்.