பன்னிரண்டு பகுதிகளும் என் மருமகளின் வேலையும்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. என் மருமகள் தன் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு பக்க அறிக்கையாகப் பிறந்தது. தலைப்பு, ‘ஒரு திகில் மர்ம அனிமே தொடரின் நிறைகளும் குறைகளும்’. (அனிமே என்றால் ஜப்பானியக் கார்ட்டூன்.) அவள் வேலை செய்யும் தொலைக்காட்சியில், வெளிநாட்டுத் தொடரை வாங்குமுன் யாராவது முழுக்கப் பார்த்து இப்படி எழுதித் தர வேண்டும். அந்த யாராவது அவள்தான். சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறு முடிந்தால் வேலை நிரந்தரம்.

சிக்கல் ஒன்றுதான். அவளுக்குப் பேய் என்றால் பயம்.

“நீங்க பாத்து எழுதிக் குடுத்துடுங்க மாமா. உங்களுக்குத்தான் எதுக்குமே பயம் கிடையாதே.”

[அப்படிச் சொல்லி வைத்தவன் நான்தான். லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தபோது, இறந்துபோன கணக்கர் ஒருவரை ஒன்பது நாள் தொடர்ந்து ஏழாம் மாடிக்கு ஏற்றிச் சென்றேன், பத்தாம் நாள் அவராகவே விடுப்பு எடுத்துக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறேன். அதில் ஏழாம் மாடி மட்டும் உண்மை.]

2

தொடக்க வரிக்கு மூன்று முயற்சிகள்:

மழை கொட்டிய அந்த விடுதிப் பள்ளியில் பன்னிரண்டு மாணவர்கள்... (எல்லாத் திகில் கதையிலும் மழை. நனைந்து சளி பிடித்துவிட்டது.)

கொலைகாரர் யாரென்று தெரிந்த பிறகு... (இவ்வளவு சீக்கிரம் தெரியக் கூடாதாம்.)

என் மருமகள் அறிவாளி, பொறுமைசாலி... (அவள் என் பின்னால் நின்று படித்தபோது எழுதியது. நகர்ந்ததும் அடித்துவிட்டேன்.)

3

ஆகவே அறிக்கையையே தருகிறேன்.

நிறைகள்: துணிச்சலான தொடக்கம். எடுத்த எடுப்பிலேயே மாணவர்கள் பதினொரு பேர் இறந்துவிட்டார்கள். மிச்சம் ஒரு நீல முடிக்காரி. கொலைகாரர் தலைமையாசிரியர்தான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு பகுதிக்கு ஒருவராக உயிரோடு திரும்புகிறார்கள். முடிவில் பன்னிரண்டு பேரும் புதுப் பையோடு வந்து நிற்க, திருந்திய தலைமையாசிரியர் வாசலில் நின்று வரவேற்கிறார். கண் கலங்கியது. காலியான நடைவழியில் ஒற்றைக் காலடிச் சத்தம் கேட்கும் இடங்கள் அருமை.

குறைகள்: எல்லோருக்கும் ஒரே முகம்; முடியின் நிறத்தை வைத்துத்தான் ஆள் அடையாளம். துப்பறிகிற நீல முடிக்காரி முதலில் எல்லாவற்றையும் பத்து நிமிடம் விளக்குகிறாள். போகப் போக ஒவ்வொன்றாக மறந்து, கடைசியில் அவளுக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

4

கணினியில் கடைசிப் பகுதி மேலேயும் முதல் பகுதி அடியிலுமாக அடுக்கியிருந்தது. எண்கள் ஏதோ அயல் எழுத்தில். முப்பது வருடம் தினமும் காலையில் காலி லிஃப்டை உச்சி மாடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒவ்வொரு மாடியாக நிறுத்திச் சரிபார்த்து இறங்கியவன் நான். வேறெங்கே தொடங்குவேன்?

அவளோ படித்தால் பயம் வருமென்று படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். இன்று மதியம் அலுவலகத்திலிருந்து பாதி நாளில் திரும்பி வந்தாள். அவளுடைய மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டாவி. எதைக் காட்டினாலும் விடுவார்.

“இன்னிக்கு விடலை மாமா. அதான் பயமா இருக்கு. அறிக்கையைச் சத்தமா படிச்சுக் காட்டினார். நாளைக்குப் பத்து மணிக்கு, எல்லார் முன்னாடியும் பகுதி பகுதியா கதை சொல்லணுமாம். நீங்க எதைப் பாத்தீங்க?”

“பன்னிரண்டையும் பாத்தேன்மா. ஒண்ணு விடலை.”

“எங்க இருந்து ஆரம்பிச்சீங்க?”

“மேல இருந்து.”

பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்ப யாரும் திரும்பி வரலை. ஒவ்வொருத்தரா போறாங்க.”

“எல்லாருமா?”

“ஒருத்தியைத் தவிர எல்லாரும். சரியா பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

5

முடிவுகள் கைவசம் மூன்று.

அ. என் வரிசைதான் மேல் என்று கொட்டாவி தொடரைத் தலைகீழாகவே ஒளிபரப்புகிறார். (என் வழக்கமான சரக்கு. நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

ஆ. அவள் உண்மையைச் சொல்ல, அவர் சிரித்துவிடுகிறார். (அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்று நிறுவ இன்னொரு கதை எழுத வேண்டும்.)

இ. வேலை போய்விடுகி

(இதை முடிக்க முடியவில்லை.)

6

அவளே ஒரு முடிவு செய்தாள். “உக்காருங்க மாமா. கீழ இருந்து போடுங்க. நானே பாக்குறேன்.”

திரைச்சீலைகளை முழுக்கத் திறந்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ரத்த ஓட்டம் நின்றுபோகும் பிடி. திரையில் பன்னிரண்டு பேரும் புதுப் பையோடு வந்தார்கள். தலைமையாசிரியர் வரவேற்றார். கடைசியாக, ஷூ நாடா அவிழ்ந்த ஒரு பையன் ஓடி வந்து, கதவு சாத்துவதற்குள் நுழைந்துவிட்டுச் சிரித்தான்.

“இவன் நல்லா இருக்கான்ல?” என்றாள். பிடி கொஞ்சம் தளர்ந்தது. “நான்தான் வீணா பயந்துட்டேன். அடுத்ததைப் போடுங்க.”

அடுத்ததில் போகப்போவது அவன்தான். அவன் உயிரோடு வந்தபோது தனியாக உட்கார்ந்து கைதட்டியவன் நான்.

“என்ன மாமா, போடுங்க. இன்னும் பதினொண்ணு இருக்கு.”

என் கை வரவில்லை. அவளுக்கு வேலை நிலைக்க வேண்டும். எனக்கு அந்தப் பையன் வாசலுக்குள் சிரித்தபடியே நிற்க வேண்டும். பொத்தான் வலது மூலையில் இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், நீங்கள் அழுத்துங்கள்.