டாக்டர் அம்மா வண்டி

பழைய கார் வாங்கப் போகிறவர் வாயைக் கட்டிக்கொண்டு கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும் என்பது மேட்ரன் அம்மாவின் கட்சி. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு கேட்பவளை நெற்றியைத் தொடாமலே பிடித்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் பட்டம் போகவில்லை. கோபம் வந்தால் பெற்ற மகனே "மேட்ரன் வந்தாச்சு" என்பான், அதுவும் பக்கத்து அறையிலிருந்து.

கார் மருமகளுக்கு. அவளுடைய வேலையை ஊருக்கு வெளியே ஒரு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

"நீங்களும் வாங்க அத்தை. தனியாப் போனா என் தலையில ஏதாவது ஒரு ஓட்டை வண்டியைக் கட்டிடுவாங்க."

கூப்பிட்டதில் மேட்ரனுக்கு உள்ளூரப் பெருமை. காட்டிக்கொள்ளவில்லை. கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, ட்யூட்டிக்குப் போவதுபோல் கிளம்பினார்.

புரோக்கரின் இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே கார்கள் வரிசையாக நின்றன. டயருக்கெல்லாம் கறுப்பு மை. புரோக்கர் கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, கைக்கு ஒரு போனாக வந்தான். மருமகள் கேட்ட மாடலில் இரண்டு இருந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். ஒரே கம்பெனி, ஒரே வயது. ஆனால் நீலத்தைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசிப் பெண் பார்க்க உட்கார்த்தியதுபோல் முன்னால் நிறுத்தியிருந்தான். வெள்ளை பின்னால் தூசியோடு கிடந்தது.

"நீலத்தைப் பாருங்கம்மா. ஒரு டாக்டர் அம்மா வச்சிருந்த வண்டி. வீடு, ஆஸ்பத்திரி, வீடு. வேற ரோடே தெரியாது அதுக்கு."

"எந்த டாக்டர்?" என்றார் மேட்ரன்.

"கண் டாக்டர்மா."

"இந்த ஊர்க் கண் டாக்டர் எல்லாரையும் எனக்குத் தெரியும்."

"அவங்க வெளியூரும்மா."

"வேற ரோடே தெரியாத வண்டி வெளியூர்லேருந்து எப்படி வந்துச்சு?"

மருமகள் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினாள்.

மேட்ரன் நீலக் காரில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கால் தரை விரிப்பில் பதிந்தது. அங்கே ஒரு மேடு தட்டுப்பட்டது. விரிப்பைத் தூக்கினார். தகரத்தில் ஆணித் துளைகளை அடைத்துப் பூசியிருந்த தடம். கதவைத் திறந்து கீல் இடுக்கில் பார்த்தார். நீலத்துக்கு அடியில் மஞ்சள்.

நகத்தால் அந்த மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தார். அவருடைய தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்ட மனிதர். சொல்லிக்கொடுப்பவருக்கென்று பக்கத்து இருக்கையின் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்த மஞ்சள் கார் அவருடையது. அக்காவை அந்த இருக்கையில் உட்கார வைத்து, "ஊர்ல எல்லாரையும் அதட்டுறியே, நான் ஓட்டுறது பிடிக்கலேன்னா இதை மிதி" என்பார். மேட்ரன் நிஜமாகவே மிதித்திருக்கிறார், நடுச் சாலையில். தம்பி போன வருஷம் தவறிவிட்டார். பிள்ளை ஸ்கூலை மூடி வண்டியை யாருக்கோ தள்ளிவிட்டான்.

ஆனாலும் மேட்ரன் வாயைத் திறக்கவில்லை. மஞ்சள் கார் உலகத்தில் ஒன்றுதானா?

"ஓட்டிக் காட்டு" என்று மட்டும் சொல்லி இறங்கினார்.

புரோக்கர் ஏறினான். ரிவர்ஸ் போட்டான். காரை நகர்த்துவதற்கு முன்னால் ஜன்னலை இறக்கி, தலையைச் சாய்த்து, ஒரு கணம் காதை வெளியே கொடுத்தான். பிறகே பின்னால் எடுத்தான்.

தம்பியும் இப்படித்தான் ரிவர்ஸ் எடுப்பார். மேட்ரனுக்கு உச்சந்தலை கொதித்தது. வாய் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம். பழகிய உடம்புக்குப் புளுகத் தெரியாது.

"இறங்கு" என்றார். வார்டில் ஒலித்த குரல். அவன் இறங்கிவிட்டான். "எதுக்கு அப்படிக் காதை நீட்டின?"

"பழக்கம்மா. கண்ணாடி காட்டாததைக் காது..." பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

"காது காட்டும்னு சொல்லி முடி. யார் சொல்லிக் குடுத்தது?"

"மாஸ்டர்."

"அந்த மாஸ்டருக்கு நான் அக்கா."

அவன் கறுப்புக் கண்ணாடியைத் தலையிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இதே வண்டியிலதானே கத்துக்கிட்ட?"

"ஆமாம்மா."

"அவன் சொல்லிக் குடுத்த தொழில்லதான் சாப்பிடுற. அவன் வண்டிக்கு நீலத்தை அடிச்சு, இல்லாத ஒருத்தியை முதலாளி ஆக்கியிருக்க. என் தம்பி பேர் என்ன, துடைச்சு எடுக்கற அழுக்கா?"

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. டிரைவிங் ஸ்கூல் வண்டின்னா ஒருத்தரும் தொடமாட்டாங்க. மாஸ்டர் பேரைச் சொன்னா விக்காது."

அதுதான் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. ஊரில் பாதிப்பேரைப் பயமில்லாமல் சாலைக்கு அனுப்பியவன். அவனுடைய பெயர் விலைபோகாதாம். ஏறி வந்த ஏணியை உதைப்பவர்களை மேட்ரன் பார்த்திருக்கிறார். ஏணிக்கு வேறு சாயம் அடித்து விற்கிறவனை இன்றுதான் பார்க்கிறார்.

"இந்த வண்டி ஒரு நிமிஷம்கூட இங்க நிக்கக் கூடாது" என்று மருமகளிடம் திரும்பினார். "இதையே எடுத்துக்கலாம். நம்ம வீட்டு வண்டி நம்ம வீட்டுக்கு வரட்டும்."

மருமகள் அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். "கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க அத்தை. இதுல எத்தனை பேர் கத்துக்கிட்டிருப்பாங்க? எத்தனை பேர் கியரைக் கடிச்சிருப்பாங்க? தினம் அவ்வளவு தூரம் நான் தனியா ஓட்டணும். தாங்குமா? நீங்க சொல்றதைச் செய்யறேன்."

மேட்ரன் நீலக் காரைத் திரும்பிப் பார்த்தார். தாங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மருமகள் நம்பிவிடுவாள். ஆனால் தம்பி கடைசியாக அவரை ஏற்றிக்கொண்டு வந்தபோது சொன்னது காதிலேயே நின்றது. "இது மனுஷனா இருந்தா எப்பவோ பென்ஷன் குடுத்து அனுப்பியிருக்கணும்கா." அதை விழுங்கிவிட்டால், கண் டாக்டர் கதைக்கும் தன் பேச்சுக்கும் என்ன வித்தியாசம்?

"தாங்காது" என்றார். சொல்வதற்குள் கண் கலங்கிவிட்டது. அதற்கும் சேர்த்துப் புரோக்கர்மேல் கோபம் வந்தது.

"வெள்ளையைப் பத்திச் சொல்லு. இங்க டாக்டர் அம்மா யாரும் வேண்டாம்."

அவன் தலைகுனிந்தபடியே சொன்னான். "பின்கதவு அடிபட்டு மாத்தினது. ஏசி வேலை செய்யாது. இஞ்சின் சுத்தம். உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பார்த்துக்கோங்க."

மெக்கானிக் வந்து, கீழே படுத்துப் பார்த்து, ஓட்டியும் பார்த்துத் தலையாட்டினார். சாயங்காலம் மருமகள் வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்தபோது, ஒரு கணவனும் மனைவியும் நீலக் காரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டியை நிறுத்தும்மா" என்றார் மேட்ரன். ஜன்னலை இறக்கினார்.

"இது யார் வச்சிருந்ததுங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

புரோக்கர் வாயைத் திறந்தான். வெள்ளைக் காரின் ஜன்னலில் மேட்ரனின் முகம் தெரிந்தது. 

"டிரைவிங் ஸ்கூல் வண்டிங்க. எங்க மாஸ்டரோடது. நான் இதுலதான் கத்துக்கிட்டேன்."

இருவர் முகமும் சுருங்கியது. மரியாதைக்கு ஒருமுறை கதவைத் தடவிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள். 'பார்த்தீங்களா' என்பதுபோல் அவன் மேட்ரனைப் பார்த்தான்.

"போகட்டும். அடுத்து வர்றவங்ககிட்டயும் இதையே சொல்லு" என்றார் அவர். "நான் இந்த வழியாத்தான் போவேன், வருவேன்."

மருமகள் வண்டியை எடுத்தாள். மேட்ரனின் கால் தன்னையறியாமல் தரையில் எதையோ தேடி ஒருமுறை அழுந்தியது.